துச்சமென மதித்து

நெய்வேலியில் இருக்கும் இலக்கிய நண்பர்கள் சிலர் தங்களுக்குள் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரை ஆபத்திலிருந்து காப்பாற்றிய சாமான்ய மனிதரைப் பற்றிக் கதை எழுத வேண்டும் என்பது நிபந்தனை. வந்தவற்றில் தேறிய ஏழு கதைகளை எனக்கு அனுப்பி, தாட்சண்யம் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிவிட்டேன். ஆனால் ஏழு கதைகளிலும் பொதுவாக ஒரு குறை இருந்தது. அதை அந்த ஏழு பேர் தலையில் மட்டும் சுமத்துவது பாவம். நம் பத்திரிகைகளுக்கும், சினிமாவுக்கும், பாராட்டுப் பத்திரம் எழுதுகிற அதிகாரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே அதைப் பற்றிப் பொதுவில் பேசுவதுதான் நியாயம் என்று தோன்றுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்கொண்ட விஷயம் உயர்ந்த விஷயம். நம் கதைகளில் தாய்க்காக மகன் தியாகம் செய்கிறான்; காதலிக்காகக் காதலன் தியாகம் செய்கிறான். பெயர்கூடத் தெரியாத ஒருவனுக்காக ஒருத்தி தண்ணீரில் இறங்குவதை நாம் அதிகம் எழுதியதில்லை. ரத்த பாசம் இல்லை, காதல் இல்லை, லாபம் இல்லை. பின் எதற்காக இறங்கினாள்? கதாசிரியனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா?

ஆனால் இந்தக் கேள்விக்கு ஏழு கதைகளும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன. 'தன் உயிரைத் துச்சமென மதித்து.' குளமானாலும் சரி, தீயானாலும் சரி, ரயில் தண்டவாளமானாலும் சரி, கதாநாயகன் ஒரு கணம் நின்று பார்க்கிறான். கூட்டம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. அவன் தன் உயிரைத் துச்சமென மதித்துக் குதிக்கிறான். அடுத்த பாராவில் காப்பாற்றப்பட்டவன் கரையில் கிடக்கிறான். குதித்ததற்கும் கரை சேர்ந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது? ஏழு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு வரிசைப் புள்ளிகள் இருக்கின்றன. நான்கு கதைகளில் அவன் செத்துப் போகிறான். மூன்று கதைகளில் கலெக்டர் கையால் பதக்கம் வாங்கிக்கொள்கிறான்.

இவற்றுள் ஒரு கதையைத் தனியே குறிப்பிட வேண்டும். அது நெய்வேலிச் சுரங்கத்திலேயே நடக்கிறது. பூமிக்கடியில் ஓர் இருண்ட குகை; கூரை சரிகிறது; கதாநாயகன் லாந்தரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். நெய்வேலிச் சுரங்கமோ திறந்தவெளிச் சுரங்கம். ராட்சச இயந்திரங்கள் மேல்மண்ணை வாரிக் கொட்டிவிட, வெட்ட வெயிலில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுக்கிறார்கள். அங்கே சரிவதற்குக் கூரையே கிடையாது! எழுதியவர் நெய்வேலி நகரியத்தில் வட்டம் ஒன்றில் குடியிருப்பவர். சுரங்கத்தை அவர் என்னைவிட நூறு மடங்கு அறிவார். ஆனால் பேனாவைத் திறந்ததும், தாம் கண்ட சுரங்கம் விலகிக்கொண்டு, சினிமாவில் பார்த்த சுரங்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சுரங்கத்துக்கு நேர்ந்த கதிதான் மற்ற ஆறு கதைகளில் மனிதனுக்கு நேர்ந்திருக்கிறது.

உண்மையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெகு தூரம் போக வேண்டாம். கடலூர் மாவட்டத்துக்கு அடுத்தது பெரம்பலூர் மாவட்டம். அங்கே கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6-ஆம் தேதி நடந்தது இது. துணி துவைத்து முடித்துவிட்டு வீடு திரும்பும் நேரம். சில கிராமத்துப் பெண்கள் கரையில் இருந்தார்கள். வேறு ஊரிலிருந்து வந்த இளைஞர்கள் குளிக்க இறங்கினார்கள். மழையினால் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஆழம் அதிகம் என்று அந்தப் பெண்கள் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் நான்கு பேர் ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் உடுத்தியிருந்த புடவையை அவிழ்த்து வீசினார்கள். அதைப் பற்றிக்கொண்டு இரண்டு பேர் கரையேறினார்கள். மற்ற இருவர் மூழ்கிவிட்டார்கள். அந்த ஆகஸ்டு 15-ஆம் தேதியே அந்தப் பெண்கள் மூவருக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது அளித்தது.

இதை நம் ஏழு பேரில் ஒருவர் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதாநாயகி உயிரைத் துச்சமென மதித்துக் குதித்திருப்பாள். எச்சரித்தது கதையில் வந்திராது. செத்துப்போன இருவரும் கதையில் வந்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் வந்தால் வெற்றிக்குக் களங்கம் அல்லவா?

ஆனால் கதை இருப்பதே அங்கேதான். எச்சரிக்கை ஏன் முக்கியம்? தினசரி துவைக்கப் போகிற தண்ணீர் அது. எங்கே மணல், எங்கே சேறு, எங்கே திடீரென்று காலுக்கு நிலம் கிடைக்காது என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். புடவை ஏன் முக்கியம்? ஒரு புடவை ஐந்தரை கெஜம் நீளம். மூழ்குகிறவன் கையில் கிடைத்ததைக் கட்டிப் பிடித்துக் காப்பாற்ற வந்தவரையும் அமுக்கிவிடுவான் என்பது தண்ணீரோடு பழகிய எல்லோருக்கும் தெரிந்தது. துணியை வீசினால் அவனுக்கும் தனக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கும். ஆண்கள் எதிரே புடவையை அவிழ்ப்பது நம் கிராமத்துப் பெண்ணுக்கு உயிரைக் கொடுப்பதைவிடச் சுலபமான காரியம் என்று நினைக்கிறீர்களா? அந்த ஒரு நொடித் தயக்கத்தையும், அது எப்படி உதிர்ந்தது என்பதையும் எழுதினால் போதும், ஒரு கதை நிற்கும். அப்புறம் அந்த இருவர்! விருது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த இரவில் அந்தப் பெண்கள் யாரைப் பற்றி நினைத்திருப்பார்கள்? பிழைத்தவர்களைப் பற்றியா, பிழைக்காதவர்களைப் பற்றியா?

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை நினைத்துப் பாருங்கள். 1950-இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் வந்த அந்த நாவலில் இரண்டு மீட்புகள் இருக்கின்றன. குழந்தை அருள்மொழி காவேரியில் விழுகிறான். ஒரு பெண் அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறைகிறாள். அரச குடும்பம் அவளைக் காவேரித் தாய் என்று முடிவு கட்டிக் கும்பிடுகிறது. உண்மையில் அவள் வாய் பேசமுடியாத மந்தாகினி என்ற மானிடப் பெண். அவளைத் தெய்வமாக்கிய பிறகு, அவள் யார், எங்கே இருக்கிறாள், சாப்பிட்டாளா என்று யாரும் கேட்க வேண்டியதில்லாமல் போய்விட்டது! இன்னொரு மீட்பு, புயலில் நடப்பது. கடலில் பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் இருவரைக் கோடிக்கரைப் பூங்குழலி படகில் போய் மீட்கிறாள். அவள் தெய்வம் அல்ல. கலங்கரை விளக்கத்துக் காவலரின் மகள். துடுப்புப் பிடித்துக் காய்த்த கை. அலையை அவளுக்குத் தெரியும். சரித்திரக் கதையில் எவ்வளவோ மிகை உண்டு. இருந்தும், காப்பாற்றுகிறவள் கடலோடு பழகியவளாக இருக்க வேண்டும் என்பதில் கல்கி தவறவில்லை. நம் ஏழு கதைகளில் எல்லோரும் மந்தாகினியைப் பார்த்த அரச குடும்பத்தாராக இருக்கிறார்கள். பூங்குழலியின் கையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சுரங்கத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நெய்வேலிப் பெரியவர் ஒருவரிடம் இந்தக் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "கன்வேயர் பெல்ட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"ஓடிப் போய் ஆளைப் பிடிச்சு இழுக்கமாட்டோம் சார். இழுத்தா ரெண்டு பேரும் போயிடுவோம். பெல்ட்டு நெடுக ஒரு கயிறு போகும். அதை இழுத்தா பெல்ட்டு நின்னுடும். முதல்லே கயிறு, அப்புறம்தான் ஆளு."

"அந்த நேரத்தில் பயம் இருக்காதா?"

"பயம் இருக்கறதனாலேதானே சார் கயிறு ஞாபகத்துக்கு வருது!"

என் ஏழு கதாசிரியர்களுக்கும் இந்தப் பதிலை அப்படியே எழுதி அனுப்பினேன். கயிற்றை இழுத்தவனுக்குத் தன் உயிரும் பெரிது. பெல்ட்டில் மாட்டியவன் உயிரும் பெரிது. இரண்டையும் பெரிதாக மதித்ததனால்தான் அவன் கை சரியான இடத்துக்குப் போயிற்று. உயிரைத் துச்சமாக மதித்தவனாக இருந்தால் கயிற்றை விட்டுவிட்டு ஆளின் மேல் பாய்ந்திருப்பான். பாராட்டுப் பத்திரமும் தயாராக இருந்திருக்கும், ஒன்றுக்கு இரண்டு பிணங்களும் இருந்திருக்கும்.

"அப்படியானால் தைரியம் என்பதே இல்லை, எல்லாம் தொழில் ஞானந்தான் என்கிறீர்களா?" என்று ஒரு நண்பர் மறு தபாலில் கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. ஞானம் உள்ளவர்களிலும் எத்தனையோ பேர் நின்று பார்த்துவிட்டுப் போவதுண்டு. தெரிந்ததை அந்நியனுக்காகச் செலவிடத் துணிவதற்குத்தான் தைரியம் என்று பெயர். ஆனால் தெரிந்தது என்ன என்பதை எழுதாமல் துணிவை மட்டும் எழுத முடியாது. எழுதினால் அது வெறும் அடைமொழியாகப் போய்விடும்.

இந்தக் குறை நம்முடையது மட்டுமல்ல. லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற சிறு பூங்காவில் ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. ஓவியர் வாட்ஸ் என்பவர் 1887-இல் யோசனை சொல்லி, 1900-இல் திறக்கப்பட்டது. பிறரைக் காப்பாற்றப் போய் இறந்த ஏழை எளியவர்களின் பெயர்கள் ஓடுகளில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ராஜாக்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைத்த நகரத்தில் இப்படி ஒரு சுவர் எழுந்தது பெரிய காரியம். அங்கே ஆலிஸ் அயர்ஸ் என்ற இளம் பெண்ணுக்கும் ஓர் ஓடு உண்டு. அக்காள் வீட்டில் உதவிக்கு இருந்தவள். 1885-இல் வீடு தீப்பற்றியபோது மூன்று குழந்தைகளை வெளியேற்றிவிட்டுத் தான் விழுந்து இறந்தாள். அக்காள் குழந்தைகள் ஆனதால் அந்நியர் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அவள் முதலில் ஒரு மெத்தையை ஜன்னல் வழியே தெருவில் தள்ளினாள். பிறகுதான் குழந்தைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் போட்டாள். தீக்கும் புகைக்கும் நடுவே அந்த மெத்தையை நினைத்த மூளை இருக்கிறதே, அதுதான் ஆலிஸ். ஓட்டிலோ அவள் துணிச்சல் இருக்கிறது, மரணம் இருக்கிறது, மெத்தை இல்லை!

நம் நாட்டில் 1961-இல் மத்திய சர்க்கார் ஜீவன் ரட்சா பதக்கங்களை ஏற்படுத்தியது. நீரில் மூழ்குவது, தீ, விபத்து, சுரங்க மீட்பு முதலியவற்றில் பிற உயிரைக் காத்தவர்களுக்கு உரியவை அவை. சர்வோத்தம், உத்தம் என்று மேல்படிகளும் உண்டு. 1961 என்பது நெய்வேலிக்கும் மறக்க முடியாத ஆண்டு. 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதல் கண்ணில் பட்டது அந்த ஆண்டில்தான். அந்தப் பதக்கத்தில் ஒரு கை பொறிக்கப்பட்டிருக்கிறது. அபயம் காட்டும் கை. அதன் மேலே 'அஞ்சாதே' என்று பொருள்படும் வடமொழி வாசகம். பதக்கத்தை வடித்தவர்கள் சரியாகத்தான் வடித்திருக்கிறார்கள். அங்கே இருப்பது முகம் அல்ல, மார்பு அல்ல, கை. அதைக் கொடுக்கும்போது வாசிக்கிற வாக்கியந்தான் கையை விட்டுவிட்டுத் துச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். ஒரு தேய்ந்த தொடர். போனால் போகிறது என்று விட்டுவிடக் கூடாதா? விட முடியவில்லை. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'அவன் தன் உயிரைத் துச்சமாக மதித்தான்' என்று நாம் எழுதும்போது, அந்த உயிரை நாமும் அப்படியே மதித்துக்கொள்ள நமக்கு நாமே அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்கிறோம். அவனே பெரிதாக நினைக்காததை நாம் எதற்குப் பெரிதாக நினைக்க வேண்டும்?

இது வெறும் வாதம் அல்ல. 2023-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி உத்தராகண்டில் சில்க்யாரா என்ற இடத்தில் மலைச் சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டார்கள். பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தன. கடைசிச் சில மீட்டர் தூரத்தில் துளைக்கும் இயந்திரம் உடைந்து நின்றது. அப்போது 'எலி வளை'த் தொழிலாளர்கள் என்று சொல்லப்படும் 12 பேரை அழைத்தார்கள். ஆள் நுழைய மட்டும் இடமுள்ள குழாய்க்குள் படுத்தபடியே கையால் தோண்டி, மண்ணைக் கையால் வெளியே தள்ளி, நவம்பர் 28-ஆம் தேதி அவர்கள் வழி திறந்தார்கள். 41 பேரும் பிழைத்தார்கள். அப்படித் தோண்டி நிலக்கரி எடுக்கும் முறையை ஆபத்தானது என்று 2014-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்திருந்தது. வயிற்றுக்காகக் கற்ற தொழில், சட்டம் வேண்டாம் என்று ஒதுக்கிய தொழில், அன்றைக்கு நாற்பத்தொரு குடும்பங்களின் விளக்கை அணையாமல் காத்தது. தேசமே அவர்களைக் கொண்டாடியது. ஆளுக்கு 50,000 ரூபாய் கொடுத்தார்கள். மூன்று மாதம் சென்றது. 2024 பிப்ரவரியில் அந்தப் பன்னிருவரில் ஒருவருடைய டில்லி வீடு, ஆக்கிரமிப்பு அகற்றும் நடவடிக்கையில் இடிக்கப்பட்டது. சட்ட நியாயம் எந்தப் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நாம் கொண்டாடியது யாரை என்றுதான் கேட்கிறேன். வீடும் மனைவி மக்களும் உள்ள ஒரு மனிதனையா? அல்லது உயிரையே துச்சமாக நினைக்கும், ஆகவே வீடும் தேவைப்படாத, ஒரு கற்பனைப் பிராணியையா?

இதற்கு நேர் எதிரான ஒன்றும் சரித்திரத்தில் உண்டு. அதுவும் நிலக்கரிச் சுரங்கத்தில் பிறந்ததுதான். 1904 ஜனவரி 25-ஆம் தேதி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஹார்விக் சுரங்கம் வெடித்து 179 பேர் இறந்தார்கள். உள்ளே யாராவது உயிரோடு இருக்கமாட்டார்களா என்று இறங்கிய இருவரும் மாண்டார்கள். எஃகு வியாபாரத்தில் கோடி கோடியாகச் சேர்த்த ஆண்ட்ரூ கார்னெகி இதைக் கேட்டு, அந்த ஆண்டே ஐம்பது லட்சம் டாலர் ஒதுக்கி ஒரு வீரர் நிதி ஏற்படுத்தினார். அவர் எண்ணத்தில் எனக்குப் பிடித்தது பணத்தின் அளவு அல்ல. இந்த நிதியினால் வீரம் பெருகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வீரச் செயல் அந்தக் கணத்தின் உந்துதலில் பிறப்பது என்று அறிந்திருந்தார். காப்பாற்றப் போனவனுக்கு ஊனம் நேர்ந்தால் அவனும், அவனை நம்பி இருப்பவர்களும் காசுக்குத் தவிக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் நோக்கம். கார்னெகியின் ஆலைகளில் தொழிலாளிகள் பட்ட பாடு வேறு கதை. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் வீரனை, மளிகைக் கடன் உள்ள மனிதனாகப் பார்த்தார். என் ஏழு கதாசிரியர்களில் நால்வர் கதாநாயகனைக் கொன்றார்களே, அவர்களில் ஒருவராவது மறுமாதம் அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எட்டிப் பார்த்திருக்கலாம்.

தொழில் ஞானமும் துணிவும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கமே சாட்சி. 1989 நவம்பரில் ராணிகஞ்சில் மகாவீர் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 71 பேர் சிக்கிக்கொண்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற எஞ்சினீயர், மேலிருந்து துளையிட்டு, ஒரே ஆள் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்யச் சொல்லி, அதில் தாமே முதலில் இறங்கினார். 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டுக் கடைசியில் தாம் ஏறினார். 1991-இல் அவருக்கு சர்வோத்தம் ஜீவன் ரட்சா பதக்கம் கிடைத்தது. 2023-இல் அது இந்திப் படமாகவும் வந்தது. கூண்டு தாங்கும் என்று நம்பி இறங்கியவர், தம் உயிரைத் துச்சமாக மதித்தார் என்று சொல்வது அவர் கணக்கையும் பட்டறையில் அதைச் செய்த தொழிலாளிகளின் கையையும் அவமதிப்பதாகும்.

நெய்வேலி நண்பர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஊரில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் ததும்பி நிற்கிறது. இரவும் பகலும் பம்புகள் அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டுவிடும். மூன்று ஷிப்டிலும் யாரோ ஒருவர் அந்தப் பம்பைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்ததை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜூலையில் 6 பேர் அன்றைக்கே போனார்கள். ஆஸ்பத்திரியில் மேலும் பலர் போனார்கள். கொட்டரையில் புடவை வீசப்பட்டதற்கு ஐந்து வாரம் முன்பு நடந்தது அது. உயிர் என்பது எவ்வளவு பெரியது என்று அந்த ஊரின் ஒவ்வொரு வட்டத்திலும் ஏதாவதொரு வீட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து 'துச்சம்' என்ற சொல் ஏழு தடவை தபாலில் வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஏழு பேரும் இளைஞர்கள், எழுதத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்லியிருப்பது இவ்வளவுதான். புள்ளி வைத்துத் தாண்டிய இடத்துக்குத் திரும்பிப் போங்கள். கயிறா, புடவையா, மெத்தையா, அவன் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். அதைப் பிடிக்க அவன் எங்கே கற்றான் என்று விசாரியுங்கள். அவன் காப்பாற்ற முடியாமல் போனவர்களையும் கதைக்குள் விடுங்கள். பதக்கம் வாங்கிய மறுநாள் அவன் எத்தனை மணி ஷிப்டுக்குப் போனான் என்று எழுதுங்கள். இரண்டு பேர் திருத்தி எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூரை சரிந்த சுரங்கத்தை எழுதியவர் அவர்களில் ஒருவர். இந்தத் தடவை பம்பு இயக்குகிற ஒருவரைப் பற்றி எழுதப்போகிறாராம். வரட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.